சங்கு முத்திரை ஒட்டிய உறை

என் தங்கச்சி ராஜபாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். "சீமைக்குப் போகவேண்டிய பிள்ள, குடுத்து வைக்கல." கோயிலில் பக்கத்துப் பாயில் உட்காருகிறவள் முதல் கருப்பட்டி விற்க வருகிறவள் வரை இதே பாட்டுதான். குடுத்து வைக்கலையாம்! கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் ஆண்டவரை எதற்கு இழுக்க வேண்டும்? நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளே நடந்தது. அது இன்றைக்கு இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி ராஜபாய், அவள் வாயைத் திறக்கமாட்டாள். இன்னொருத்தி நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பேர் எலிசா. இரணியலுக்கு அந்தப்பக்கம் கொன்னவிளை எங்கள் ஊர். என்னைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மூன்று வருஷம் இருந்தேன். வாந்திபேதியில் புருஷன் போனபிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மா அதற்கு முன்பே போயாயிற்று. ராஜபாய் என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, அடித்தது, கஞ்சி கொடுத்தது எல்லாம் நான்தான்.

மிஷன் வளாகத்தில் துரைசாணியம்மாள் நடத்தின லேஸ் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மடியில் ஓர் உருண்டைத் தலையணை, அதன்மேல் பூப்போட்ட மாதிரிக் காகிதம். காகிதத்தின் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கண் போய்விடும். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், அரிசிக்கு ஆகும். பின்னிய லேஸ் எல்லாம் சீமைக்குப் போகும். அங்கிருந்து நூல் வரும்.

அப்பா பேர் ஏசுவடியான். அஞ்சலோட்டக்காரர். மகாராஜா சர்க்காரின் அஞ்சல் பையைத் தோளில் போட்டு, மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து, இரணியலுக்கும் குளச்சலுக்குமாக இருபத்தெட்டு வருஷம் ஓடினார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் பெரிய ஆட்களைக் கண்டால் ரோட்டைவிட்டு இறங்கி ஓடைக்குள் நிற்கவேண்டும். ஆனால் அஞ்சல் மணி கேட்டால் ரோட்டைவிட்டு ஒதுங்கவேண்டியது மற்றவர்கள். வில்வண்டியானாலும் சரி, வண்டியில் இருக்கிறவர் யாரானாலும் சரி, வழிவிட்டே ஆகவேண்டும். இதைச் சொல்லும்போது அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "எவ்வளவு பெரிய கொம்பனும் ஒதுங்கினான் மக்கா, எனக்கில்ல, அந்தச் சங்குக்கு" என்பார். சர்க்கார் அஞ்சல் ஸ்டாம்பில் சங்கு போட்டிருக்கும். பையின் மேலும் சங்குதான். பைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தெரியாது. எழுத்து வாசிக்கத் தெரியாத மனுஷன். பை தவறாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் போனபிறகு வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் தூரத்தில் மணிச்சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

ராஜபாய் படித்தாள். எப்படிப் படித்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தத் தலை கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள், நாகர்கோவில் போர்டிங்கில் படித்தாள், உபகாரச் சம்பளம் வாங்கித் திருவனந்தபுரம் போய் பி.ஏ. பாஸ் பண்ணினாள். படித்தது செடிகொடி சாஸ்திரம். லீவுக்கு வந்தால் வேலியிலும் குளத்தங்கரையிலும் குளச்சல் கடற்கரையிலுமாக அலைந்து இலை பறித்துக்கொண்டு வருவாள். பழைய பேப்பருக்குள் வைத்து, மேலே என் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பாள். அரைக்கப்போனால் குழவி இருக்காது.

"ஏட்டி, இந்தப் பச்சிலைக்காகவா அப்பா உன்னப் படிக்கவச்சாரு?" என்று கத்துவேன்.

"இது பேரு தெரியுமா அக்கா உனக்கு?"

"ஆட்டுக்குத் தெரியும். போய்க் கேளு."

சிரிப்பாள். அந்தச் சிரிப்பைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன், அதற்குப்பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பாஸ் பண்ணிவந்து ஊர் மிஷன் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகச் சேர்ந்தாள். முப்பத்தொன்றாம் வருஷம் கோடைக்காலத்தில், லேஸ் கூடத்திலிருந்து நூல்கண்டு வாங்கிவந்தேன். சீமையிலிருந்து வந்த நூலை அந்த ஊர்ப் பத்திரிகைத் தாளில்தான் சுற்றியிருப்பார்கள். ராஜபாய்க்கு அச்சடித்த தாள் எது கிடைத்தாலும் வாசித்தாக வேண்டும். நூலைப் பிரித்து என் பக்கம் தள்ளிவிட்டுத் தாளை எடுத்து நீவி வாசித்தாள். வாசித்துக்கொண்டே இருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அதில் ஒரு விளம்பரம். இறந்துபோன தன் மகள் பேரில் ஏதோ ஒரு சீமாட்டி பணம் வைத்திருக்கிறாளாம். மிஷன் வேலை நடக்கிற தேசங்களிலிருந்து வருஷத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தில் ஒரு காலேஜில் மூன்று வருஷம் படிக்கவைப்பார்களாம். கப்பல் செலவு முதல் குளிருக்குப் போடுகிற உடுப்பு வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பி.ஏ. பாஸ் பண்ணியிருக்க வேண்டும். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அப்போது ராஜபாய்க்கு இருபத்திரண்டு ஆகப்போகிறது.

"அக்கா, இது எனக்காகவே போட்டது மாதிரி இருக்கு" என்றாள். சவம், நூல் சுற்றிவந்த தாள்! அதை அடுப்புக்குள் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விண்ணப்பப் பாரம் கேட்டு எழுதினாள். பாரம் வந்தது. அதில் கேட்டிருந்த காகிதங்களைச் சேர்ப்பதற்குள் எங்களுக்கு உயிர் போயிற்று. ஞானஸ்நானப் பதிவில் அவள் பிறந்த தேதி கொல்லம் வருஷக் கணக்கில் இருக்கும். அதை இங்கிலீஷ் வருஷமாக்கி எழுதிவாங்க வேண்டும். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். படித்த காலேஜில் இரண்டு பேர் இவளைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும். சொந்த ஊர்ச் செடி ஒன்றைப் பற்றி அவளே ஆறு பக்கம் எழுத வேண்டும். அவள் அடம்புக்கொடியைப் பற்றி எழுதினாள். குளச்சல் மணலில் படர்ந்து கிடக்குமே, ஊதாப் பூ பூக்கும், அதுதான். காயவைத்த இலையும் பூவும் ஒரு தாளில் தைத்து வைத்தாள்.

போதகரின் நற்சாட்சிப் பத்திரம் மட்டும் மூன்று வாரம் இழுத்தது. "கல்யாணம் கழியாத பெண்ணு தனியா கப்பலேறணுமா? ஜெபம்பண்ணிப் பாக்கேன்" என்றார் போதகர். மூன்றாம் வாரம் நான் தலையணையையும் நூலையும் எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து லேஸ் பின்ன ஆரம்பித்தேன். "நீங்க ஜெபம் பண்ணுங்க ஐயா, முடியும்வர நான் இங்கெயே இருக்கேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் பத்திரம் கைக்கு வந்துவிட்டது.

கடைசியில் தகப்பனார் சம்மதக் கையெழுத்து. பெருவிரல் ரேகை போதும் என்றாள் ராஜபாய். அப்பா கேட்கவில்லை.

"சீமைத் துரைமாரு பாக்கக்கூடிய காகிதத்துல மையத் தேச்சு விரல உருட்டச் சொல்லுதியா? எம் பேர எழுதிக் காட்டு."

எட்டு நாள் சிலேட்டில் எழுதிப் பழகினார். ஆறே எழுத்து. 'டி'யில் வந்து ஒவ்வொரு தடவையும் நிற்பார். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று திங்கட்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ஏசுவடியான்' என்று எழுதினார். வாழ்நாளில் அவர் காகிதத்தில் எழுதினது அந்த ஒரு வார்த்தைதான்.

"புல்லப் படிக்கதுக்குச் சீமைக்குப் போணுமா மக்கா? நம்ம தென்னவிளையிலயே கிடக்கே" என்று பிறகு கேலி பண்ணினார். பண்ணிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐப்பசி மாசம். விடாமல் மழை. வியாழக்கிழமைக்குள் நாகர்கோவிலில் இருக்கிற பிரிட்டிஷ் தபாலாபீசில் சேர்த்தால்தான் அந்த வாரத்துக் கப்பலைப் பிடிக்கும், அந்தக் கப்பலை விட்டால் கெடு தாண்டிவிடும். செவ்வாய்க்கிழமை ராஜபாய்க்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. நான் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கெ அந்தக் கடிதாசி? என் காலு எதுக்கு இருக்கு?"

"பத்து மைலு அப்பா. உங்க முட்டு தாங்காது" என்றேன்.

"ஏட்டி, தபால் காரியத்துல எனக்கே பாடமா?"

ராஜபாய் கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து சொன்னாள்: "நாகர்கோயிலு தபாலாபீசு அப்பா. அந்தச் சிவப்புப் பெட்டி இருக்கக்கூடிய ஆபீசு. ஜன்னல்ல குடுத்து எடை போடச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியும் மக்கா. நீ சும்மா கிட."

உறையை எண்ணெய்த் துணியில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். காசை மடியில் முடிந்துகொண்டு மழையில் இறங்கினார். மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். கையில் ரொட்டியும் மலைவாழைப்பழமும். காய்ச்சல்காரிக்கு.

"போட்டியளா அப்பா?"

"போட்டாச்சு மக்கா. இனி கவலப்படாதே."

ரொட்டியைக் காப்பியில் நனைத்து ஊட்டினார். அவளும் தின்றாள். பத்து மைல் போய்ப் பத்து மைல் வந்த மனுஷன் மத்தியானத்துக்குள் எப்படி வந்தார், ரொட்டிக்கும் பழத்துக்கும் காசு எப்படி மிச்சமாயிற்று என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பஸ் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் காத்திருப்பு. தை பிறந்தால் பதில் வரும் என்று ராஜபாய் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சந்தையில் சொன்னார், கோயிலில் சொன்னார், ரோட்டில் போகிற அஞ்சலோட்டக்காரன் சிலுவையை நிறுத்தி, அவன் ஓடவேண்டிய நேரத்தில் பிடித்துவைத்துச் சொன்னார். தை போயிற்று. ஒன்றும் வரவில்லை.

மாசி மாசம் ஒருநாள் தபால்காரர் நாராயணபெருமாள் சைக்கிளை வாசலில் சாத்தினார். இவர் பிரிட்டிஷ் தபாலாபீஸ் ஆள், வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் பக்கம் வருவார். ராஜபாய் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பா விளைக்குப் போயிருந்தார்.

"அக்கா, ஒரு கடிதாசி திரும்பி வந்திருக்கு. பேரிங்கு. காசு கெட்டித்தான் எடுக்கணும்."

பார்த்தேன். அப்பா எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுபோன அதே உறை. மேலெல்லாம் விதவிதமான முத்திரை. மூலையில் வரிசையாக, கோணாமல் ஒட்டின ஸ்டாம்புகள். ஒவ்வொன்றிலும் சங்கு.

"இது என்ன தம்பி? பிரிக்கவே இல்லையே?"

நாராயணபெருமாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மகாராஜா சர்க்காரு அஞ்சல் பெட்டியில போட்டிருக்காவ அக்கா. ஸ்டாம்பும் நம்ம ஸ்டாம்பு. இது திருவிதாங்கூருக்குள்ள செல்லும். ஆரல்வாய்மொழி எல்லையத் தாண்டிட்டா இந்தச் சங்க எவன் மதிப்பான்? ஸ்டாம்பே ஒட்டாத கடிதாசி மாதிரிதான் போயிருக்கும். சீமையில காசு கெட்டி எடுக்க மாட்டோம்னு சொல்லியிருப்பாவ. பாருங்க, 'மறுக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. யாரு அக்கா போட்டது?"

எனக்குத் தெரியும் யார் போட்டது என்று. காசைக் கொடுத்து உறையை வாங்கி அரிசிப்பானைக்குள் வைத்தேன்.

அப்பா வந்ததும் பேச்சுவாக்கில் கேட்டேன். "அண்ணைக்கு அந்தக் கடிதாசிய எங்கெ போட்டிய?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நாகர்கோயிலுக்குத்தான் கிளம்பினேன் மக்கா. வழியில சிலுவை பையப் போட்டுக்கிட்டு ஓடி வாறான். மழையில மணி அடிச்சுக்கிட்டு வாறான் பாத்துக்க. எனக்கு மனசு கேக்கல. இருபத்தெட்டு வருசம் ஊருக்காரன் எழுத்தெல்லாம் சுமந்தேன். எம் பிள்ள எழுத்து நான் ஓடுன பையில போகண்டாமா? இரணியல் அஞ்சல் பெட்டியிலயே போட்டுட்டேன். ஸ்டாம்பு வாங்கயில கனத்த கடிதாசின்னு சொல்லி ரெண்டு கூடவே வாங்கி ஒட்டினேன்."

"எங்கெ போற கடிதாசின்னு சொன்னியளா?"

"அது எதுக்கு? மேல்விலாசம் எழுதியிருக்குல்லா? நான் சுமந்ததுல ஒரு கடிதாசி தவறுனது கிடையாது, ஓர்ம வச்சுக்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். அவர் கை என் முன்னால் இருந்தது, அந்த ஆறெழுத்தை எழுதின கை. சொல்லவில்லை. தெரிந்தால் இந்தக் கிழவன் உயிரோடு இருக்கமாட்டான் என்று நினைத்தேன். அதுதான் முதல் காரணம். பொய் சொல்லமாட்டேன், இன்னொன்றும் உண்டு. இவள் இனி கப்பலேறமாட்டாள், வீட்டோடு இருப்பாள் என்று மனசின் ஒரு மூலையில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அன்றைக்கே லேஸ் தலையணையின் தையலைப் பிரித்து, வைக்கோலுக்கு மேலே அந்த உறையை வைத்து மறுபடி தைத்துவிட்டேன். வீட்டில் யாரும் கைவைக்காத பொருள் அது ஒன்றுதான்.

பங்குனி முடிந்தபோது ராஜபாய் காத்திருப்பதை விட்டுவிட்டாள். அழவில்லை. சோறு தின்றுகொண்டிருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்குத் தகுதி போதாது அக்கா. நான் எழுதுனது அவங்களுக்குச் சிரிப்பா இருந்திருக்கும்."

"சவத்த விடுட்டீ" என்றேன்.

அப்பாவுக்குத்தான் ஆங்காரம். "நான் போட்ட கடிதாசி தவறாது. அது போய்ச் சேர்ந்தாச்சு. கறுத்த பிள்ளைக்கு எதுக்குன்னு அவனுவதான் தட்டிவிட்டானுவ" என்று கண்டவரிடமெல்லாம் திட்டினார். ராஜபாய் அவரைச் சமாதானப்படுத்துவாள். நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குண்டூசி குத்திக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருஷமும் அந்த விளம்பரம் வந்தது. லேஸ் கூடத்துத் துரைசாணியம்மாள் தானே வெட்டி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். ராஜபாய் அதை ஒரு ராத்திரி பைபிளுக்குள் வைத்திருந்தாள். காலையில் எடுத்து அடுப்பில் போட்டாள்.

"ஒரு வரி பதிலு எழுதக்கூட அவங்களுக்குத் தோணல அக்கா. ரெண்டாவது தடவையும் போய்க் கையேந்தணுமா?"

அந்த நிமிஷம் நான் தலையணையைக் கிழித்திருக்க வேண்டும். கிழித்து, "ஏட்டி, அவங்க உன்ன வேண்டாங்கல, உன் கடிதாசியப் பாக்கவே இல்ல" என்று சொல்லியிருந்தால் போதும். இருபத்துமூன்று வயது அவளுக்கு. அடுத்த வருஷம்கூட வயது இருந்தது. அப்பா அறைக்குள் இருமிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை ஊதினேன்.

அதற்கப்புறம் அவள் இலை பறிக்கவில்லை. என் அம்மிக்குழவி எப்போதும் அம்மியிலேயே கிடந்தது. பெண் கேட்டு வந்தார்கள், வேண்டாம் என்றாள். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கணக்கு நோட்டுத் திருத்துவது, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று வருஷங்கள் போயின. பிள்ளைகளை அடிக்கவும் ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டேன். முன்பெல்லாம் அவள் ஒரு எறும்பைக்கூட நசுக்காதவள்.

முப்பத்தேழு ஆடியில் அப்பா போனார். கடைசி நாளில் ராஜபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கடிதாசிய நான் பத்திரமாத்தான் போட்டேன் மக்கா" என்றார். "தெரியும் அப்பா" என்றாள் அவள். நான் கட்டிலின் காலடியில் நின்றேன்.

அவரை அடக்கம் பண்ணினபிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, வயது தாண்டிவிட்டது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியே விட்டிருப்பேன். இஞ்ஞாசி வந்திராவிட்டால் விட்டேபோயிருப்பேன்.

இஞ்ஞாசி குளச்சல்காரர், கடலில் வலை போடுகிறவர். அவர் மகள் செசிலி ராஜபாயிடம் படித்துவிட்டு இப்போது திருவனந்தபுரத்தில் படிக்கிறாள். போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சரே, சீமையில டாக்டர் படிப்புக்கு ஏதோ உபகாரச் சம்பளம் உண்டாம். மடத்துச் சிஸ்டருமாரு இந்தக் காகிதத்தக் குடுத்தாவ. பிள்ள போடணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. நமக்கு என்ன தெரியும்? டீச்சரு சொன்னா சரி."

ராஜபாய் காகிதத்தை வாங்கக்கூட இல்லை.

"வேண்டாம் இஞ்ஞாசி. பிள்ளைக்கு வீணா ஆசை காட்டாதீங்க. நானும் போட்டவதான். நம்ம ஊரு பிள்ளைகளையெல்லாம் அவங்க ஒரு பொருட்டா நினைக்கமாட்டாங்க. ஒரு வரி பதில்கூட வராது. இங்கயே ஏதாவது படிச்சு டீச்சராகச் சொல்லுங்க."

இஞ்ஞாசி, "டீச்சரு சொன்னா சரி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

என் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்தது. தலையணையைக் குறுக்கே வெட்டினேன். பாதி பின்னின லேஸும் கட்டைகளும் தரையெல்லாம் சிதறின. "அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்று ராஜபாய் ஓடிவந்தாள். வைக்கோலுக்கு மேலிருந்து உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவையின் மணி, இரணியல் பெட்டி, நாராயணபெருமாள், அரிசிப்பானை, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். உறையின் முன்பக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தைப் பார்த்தாள். நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். அந்த உறையை முதன்முதலில் பிரித்தது அவள்தான். உள்ளே இருந்த தாள்களில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் குண்டூசித் துளைகள். ஆறு வருஷத்துக்குமேலாக நான் குத்தினவை. போதகரின் பத்திரத்தில் துளை, டாக்டர் எழுதினதில் துளை, அவள் எழுதின ஆறு பக்கத்திலும் துளை. அடம்பு இலை நொறுங்கித் தூளாக அவள் மடியில் கொட்டியது. கடைசித் தாளில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதை விரலால் தடவினாள்.

"இது எப்பம் திரும்பி வந்தது?"

"மாசியில. போட்ட அதே வருஷம் மாசியில."

உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

"எனக்கு அப்பம் இருபத்திரெண்டு" என்றாள். பிறகு, "இன்னும் ரெண்டு தடவ போட்டிருப்பேன்" என்றாள்.

"என்னத் திட்டுட்டீ. அடி. ஏதாவது செய்யி."

"அப்பாவுக்குத் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"அது போதும்" என்று எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, குளச்சல் ரோட்டில் இஞ்ஞாசியின் பின்னால் ஓடினாள். இருபத்தெட்டு வயது டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடுவதை ஊரே பார்த்தது.

செசிலியின் பாரத்தை நிரப்ப மூன்று வாரம் ஆயிற்று. எல்லாம் எங்கள் வீட்டு மேசையில்தான் நடந்தது. நான் காப்பி கொண்டுபோய் வைப்பேன், காகிதங்களை என் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொள்வாள். வேண்டுமென்று செய்ததில்லை, கை தானாக அப்படிச் செய்தது. என்னோடு பேசாமலும் இல்லை. உப்பு போதுமா, கதவைச் சாத்தினியா என்று எப்போதும்போலப் பேசுகிறாள்.

நேற்று காலையில் உறையை ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"நானும் கூட வரட்டா?" என்று கேட்டேன்.

"நீ வரண்டாம் அக்கா."

சாயங்காலம் திரும்பி வந்தாள். எனக்குப் புதுத் தலையணைக்குத் துணி வாங்கி வந்திருந்தாள். இன்றைக்கு நாராயணபெருமாள் வருகிற நாள். சைக்கிள் மணி கேட்டதும் வழக்கம்போல நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் எழுந்து வாசலுக்குப் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்களுக்குத் தபால் ஒன்றும் இல்லை.